முட்டலைத் தருவது ஸ்பிரிங் அல்ல

மெக்கானிக்கல் கீபோர்டில் விசையை அழுத்தும்போது விரலில் தட்டுப்படும் முட்டல் போதவில்லையென்றால், கனமான ஸ்பிரிங்கை மாற்றினால் கூடிவிடும் என்று மார்த்தாண்டம் நண்பர் மேலே எழுதியிருக்கிறார். நாகர்கோவில் தம்பிகள் இருவர் வாங்கவே கிளம்பிவிட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முட்டல் ஸ்பிரிங்கிலிருந்து வருவதில்லை. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு ஸ்விட்ச் உண்டு; அதற்குள் மேலும் கீழும் நகரும் பிளாஸ்டிக் தண்டுதான் ஸ்டெம். ஸ்டெம்மின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரு கால்களில் சிறு புடைப்பு இருக்கும். அது உள்ளே நிற்கும் மெல்லிய உலோகத் தகட்டைத் தள்ளிக் கடக்கும் தடைதான் முட்டல். ஸ்பிரிங், விசையை மேலே திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. அதைக் கனமாக்கினால் மொத்த அழுத்தம் கூடி, இருக்கிற முட்டலும் மங்கலாகவே தெரியும். ‘செர்ரி எம்எக்ஸ் கிளியர்’ என்ற முட்டல் உள்ள ஸ்விட்சில் லேசான ஸ்பிரிங்கைப் போட்டு ‘எர்கோ கிளியர்’ ஆக்குகிறார்களே, அது முட்டல் தெளிவாகத் தெரிவதற்காகத்தான். இரண்டு ஸ்விட்சுகளைக் கலந்து செய்த புகழ்பெற்ற ‘ஹோலி பாண்டா’விலும் நடந்தது ஸ்டெம் மாற்றம்: ‘ஹேலோ’ ஸ்விட்சின் ஸ்டெம், ‘பாண்டா’ ஸ்விட்சின் கூட்டுக்குள் போனது. அந்தப் பாண்டா, முட்டலே இல்லாத லீனியர் ஸ்விட்ச்!

செலவில்லாமல் சோதிக்கலாம். முட்டல் உள்ள ஒரு ஸ்விட்சைத் திறந்து ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஸ்டெம்மை மட்டும் வைத்து மூடுங்கள். விரலால் மெதுவாக அழுத்துங்கள். பாதி வழியில் அதே முட்டல் தட்டுப்படும். ஸ்டெம் தானாக மேலே வராது. கவிழ்த்துத் தட்டிக்கொள்ள வேண்டும். சிவப்பு லீனியர் ஸ்விட்சிலும் இப்படியே செய்தால் தடையின்றி வழுக்கிக்கொண்டு இறங்கும். கழற்றிய ஸ்பிரிங்கை மட்டும் மூடி வையுங்கள், தெறித்தால் கிடைக்காது.