390 ஜிபி காலியா கெடக்கு, இடம் இல்லையாம்!

'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. எந்த டிவைஸ்லய்யா இடம் இல்ல, லினக்ஸே? டிஸ்க்ல எவ்ளோ காலின்னு பாக்க டிஎஃப் அடிச்சா 390 ஜிபி காலின்னு நீதான காட்டுற, அடுத்த கமாண்ட்லயே இடம் இல்லன்னும் நீதான சொல்ற, ரெண்டுல எத நான் நம்பறது?

லினக்ஸ்ல டெவலப்மென்ட் செட்டப் பண்ணவங்களுக்கு இந்த வயித்தெரிச்சல் புரியும். ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டற நோட் போட்டாச்சு, புரோகிராம தனித்தனி பெட்டியா ஓட்டற டாக்கர் போட்டாச்சு, டாக்கர் குரூப்ல யூசர சேத்துட்டு லாக்அவுட் பண்ணி திரும்ப உள்ள வந்தாச்சு, நோட் லைப்ரரி எறக்கற என்பிஎம் இன்ஸ்டால் ஓடி நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் வீங்கிப்போய் நிக்குது, எடிட்டர்ல புராஜெக்ட் தொறந்தாச்சு, எழுதறத உடனுக்குடனே ஓட்டிக் காட்டற டெவ் சர்வர ஸ்டார்ட் பண்றது ஒண்ணுதான் பாக்கி. ஸ்டார்ட் பண்ணா செத்து விழுது. ஈநோஸ்பேஸ், அதாவது இடம் இல்லங்கற எரர். அவ்ளோதான், வேற விளக்கம் கெடையாது. சரி டாக்கர ஒருதடவ ரீஸ்டார்ட் பண்ணி பாப்போம்னு சிஸ்டம்சிடிஎல் அடிச்சா, அது ஏதோ ஆஸ்க் பாஸ்வேர்ட் டைரக்டரிய வாட்ச்ல சேக்க முடியலங்குது, கடைசில அதே 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'.

ஐடி சப்போர்ட்ட கூப்ட்டேன். "டிஸ்க் ஃபுல் ஆயிருச்சு சார், தேவையில்லாதத டெலிட் பண்ணுங்க"ன்னாரு. 390 ஜிபிய காட்டுனேன். "ரூட் பார்டிஷன் தனியா இருக்கும், அத பாருங்க." இருக்கறதே ஒரே பார்டிஷன். "அப்ப ஐநோட் தீந்துருக்கும் சார்." ஐநோட்ங்கறது ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்ல இருக்கற பதிவு. அதையும் பாத்தோம், பத்து சதவீதம்கூட செலவாகல. "டாக்கர் இமேஜ் எல்லாத்தையும் தூக்குங்க." ஆபீஸ் வைஃபைல ஒரு மணி நேரமா சொட்டுச்சொட்டா எறங்குன இமேஜ், தூக்குனேன். அதே எரர். ஜர்னல் லாக்க கழுவுனோம், டெம்ப் ஃபோல்டர கழுவுனோம், புரோகிராம் இன்ஸ்டால் பண்ற ஆப்டோட கேஷ கழுவுனோம், ஒவ்வொரு தடவையும் டெவ் சர்வர ஸ்டார்ட் பண்றது, ஒவ்வொரு தடவையும் இடம் இல்லங்கறது. கடைசில அவரு "டிஸ்க்கே போயிருக்கும் சார், டிக்கெட் போடுங்க, மாத்தித் தரோம், ரெண்டு மூணு நாள் ஆகும்"ங்கறாரு. நல்லா இருக்கற டிஸ்க்க கழட்டற வரைக்கும் போயாச்சு! அந்த மனுஷன் மேல எனக்கு கோவமே இல்ல, மெஷின் சொன்னத நம்பி வேல பாத்தாரு, அவ்ளோதான்.

விஷயம் என்னன்னா டிஸ்க்குக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. எடிட்டரும் டெவ் சர்வரும் ஃபைல் மாறுதான்னு கண்காணிக்க, லினக்ஸோட அடித்தளமான கர்னல்ல இருக்கற ஐநோட்டிஃபைங்கறத பயன்படுத்துது. ஒரு யூசருக்கு இத்தன வாட்ச், அதாவது இத்தன கண்காணிப்புதான்னு அதுல ஒரு லிமிட், பழைய கர்னல்ல அது 8192. நோட் மாட்யூல்ஸ் மாதிரி ஆயிரக்கணக்கான ஃபோல்டர் இருக்கற எடத்துல அது எந்த மூலைக்கு? அந்த லிமிட் முடிஞ்சா கர்னல் திருப்பிக் குடுக்கற எரர் நம்பர் 28. டிஸ்க் நெறஞ்சாலும் அதே 28. புரோகிராம் எல்லாம் அந்த 28ஐ வாங்கி அப்டியே 'இடம் இல்ல'ன்னு அச்சடிச்சுருது. ரேஷன் கடைல இன்னிக்கு டோக்கன் முடிஞ்சுதுன்னு சொல்றதுக்கு பதிலா குடோன்லயே அரிசி இல்லன்னு சொல்லி அனுப்புனா ஜனம் சும்மா விடுமா?

ஐநோட்டிஃபை 2005ல 2.6.13 கர்னலோட வந்தது. இத்தன வருஷத்துல இது எத்தன பேரு கழுத்த அறுத்துருக்கும்! 2021ல 5.11 கர்னல் வந்தப்ப, ரேம் எவ்ளோ இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி லிமிட் தானா ஒசர்ற மாதிரி பண்ணாங்க. நல்லது. நம்பர மாத்துனவங்க எரர மாத்தல, அந்த 28 இன்னும் அப்டியேதான் இருக்கு. மாத்துனா பழைய புரோகிராம் ஒடையும்னு சொல்வாங்க, சரி, கர்னல விடுங்க, மேல ஓடற புரோகிராம் ஒரு வரி சேத்து சொல்லலாம்ல? புது நோட்ல ஃபைல் வாட்சர் லிமிட்ட தொட்டாச்சுன்னு தெளிவா சொல்லுது. நம்ம புராஜெக்ட் பழைய நோட்ல ஓடறதால எனக்கு அந்த குடுப்பினை இல்ல. ஆக, சொல்ல முடியும். சொல்லணும்னு தோணல, அதான்.

தீர்வு என்ன தெரியுமா? கர்னல் செட்டிங் வைக்கற சிஸ்கண்ட்ரோல் கான்ஃபிக் ஃபைல்ல மேக்ஸ் யூசர் வாட்சஸ் 524288னு ஒரே ஒரு வரி, அப்பறம் ரீலோட். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள சர்வர் ஓடுது. இதுக்கா அர நாள் போச்சு? அந்த வரிய நெட்ல போடறவங்களாவது ஒரு வாட்ச்சுக்கு சுமாரா 1 கேபி கர்னல் மெமரி போகும், அதனால ரேம பாத்து வைங்கன்னு சொல்றாங்களா? காப்பி பண்ணு, பேஸ்ட் பண்ணு, ஒர்க் ஆச்சா, போயிட்டே இரு.

மத்ததெல்லாம் மட்டும் யோக்கியமா? உபுண்டு 22.04ங்கற லினக்ஸ் வந்தது 2022 ஏப்ரல்ல. ஆப்ட்ல நோட் போட்டா வர்றது 12. அதே ஏப்ரல் கடைசியோட நோட் 12க்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. பொறந்த மாசமே காலாவதியானத எதுக்கு ரிப்போல வைக்கணும்? டெபியன் 12, உபுண்டு 23.04ல இருந்து பைத்தான் லைப்ரரி போட நேரா பிப் இன்ஸ்டால் அடிச்சா உள்ளயே விடாது, வென்வ்ங்கற தனி சூழல் போட்டுட்டு வாங்குது. அதுல நியாயம் இருக்கு, ஏன் வேணாம்னு எரர்லயே வெளக்கமா எழுதிருக்கான், அதான் மரியாத, கடுப்பானாலும் ஏத்துக்கலாம்.

இது எல்லாம் முடிச்சுட்டு, கோட்ல என்ன மாறுச்சுன்னு கணக்கு வைக்கற கிட்ல ஸ்டேட்டஸ் அடிக்கறேன். தமிழ்ல பேரு வச்ச ஃபைல் ஒண்ணு இருக்கு புராஜெக்ட்ல. அந்தப் பேரு எப்டி தெரியுது? "\340\256\244\340\256\256"னு ஆரம்பிச்சு வரி முழுக்க நம்பர். த, ம ரெண்டு எழுத்துக்கே இந்த கதி. கிட்ல குவோட்பாத்னு ஒரு செட்டிங், அத ஃபால்ஸ்னு மாத்துனாதான் தமிழ் தமிழா தெரியும். 2005ல இருந்து உலகமே பயன்படுத்தற சாமான், யூனிகோடுக்கு அதவிட வயசு ஜாஸ்தி, இன்னும் டீஃபால்ட்டா என் மொழிய நம்பராத்தான் காட்டுவியா? அந்த செட்டிங்க மாத்துனப்பறம் டெர்மினல்ல பாத்தா கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்னு பிஞ்சு நிக்குது. அத சரி பண்ண ஒரு செட்டிங்கும் காணோம்.