யாபா வெறும் தூக்கம் விரட்டும் மாத்திரை அல்ல

இரவு லாரி ஓட்டுபவர்களுக்கு யாபா என்ற போதை மாத்திரை ‘கடுந்தேநீர் மாதிரி’ என்று ஓர் ஓட்டுநர் சொன்னதை, அதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை மறுக்காமல் விட்டது சரியல்ல. அதில் காஃபீன் இருப்பது உண்மைதான். ஆளைக் கவிழ்ப்பது கூடவே இருக்கும் மெத்தாம்பெட்டமைன் என்ற கடும் போதைப்பொருள். அது நரம்பு முனைக்குள் புகுந்து, சேமிப்பில் இருக்கும் டோபமைனை, அதாவது மூளையில் உற்சாக உணர்வைத் தூண்டும் வேதிப்பொருளை, வெளியே தள்ளுகிறது. திரும்ப உள்ளே இழுக்கும் வழியையும் மறித்துவிடுகிறது. அதனால்தான் பசியும் களைப்பும் தெரிவதில்லை. ரத்த அழுத்தமோ ஏறிக்கொண்டே போகிறது. மியன்மாரின் பெகு நகரில், யாபா போட்ட எங்கள் தெருப் பையன் ஒருவன் இரவெல்லாம் பல்லை நறநறவென்று கடித்துத் தாடை வீங்கிக் கிடந்தான். சோற்றில் விஷம் வைத்ததாகப் பெற்ற தாயையே சந்தேகப்பட்டான். தயவுசெய்து இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள். ஓராண்டுக்கு மேல் தொடாமல் இருந்தவர்களின் மூளை ஓரளவு தேறியிருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.