பலூன் கதையை விட்டுவிட்டீர்களே!

நீங்கள் வெளியிட்ட என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) சாம்பியன்கள் பட்டியலில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு 18 கோப்பை, லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு 17 என்று போட்டிருக்கிறீர்கள். கணக்கு சரிதான். ஆனால் லேக்கர்ஸின் 17-இல் 5 கோப்பைகள் மினியாபொலிஸில் இருந்தபோது வாங்கியவை. அந்த ஊர் இருக்கும், ஏரிகள் (லேக்) நிறைந்த மினசோட்டா மாநிலத்தில் வைத்த பெயர்தான் லேக்கர்ஸ். அணி லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாறியும் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த இரண்டு அணிகளும் மோதிய 1969 இறுதித் தொடரை ஒரே வரியில் முடித்ததுதான் வருத்தம். கோப்பையை முடிவு செய்யும் ஏழாவது, கடைசி ஆட்டம் லாஸ் ஏஞ்சலிஸில். ஜெயித்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் லேக்கர்ஸ் முதலாளி அரங்கின் கூரையில் ஆயிரக்கணக்கான பலூன்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். கடைசியில் 108-106 என்று செல்டிக்ஸ் ஜெயித்தது. பலூன்கள் மேலேயே தொங்கின, பாவம்! அந்த ஆட்டத்தில் 42 புள்ளி எடுத்த லேக்கர்ஸ் வீரர் ஜெரி வெஸ்டுக்குத் தொடரின் சிறந்த வீரர் விருது கிடைத்தது. தோற்ற அணியிலிருந்து அதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். செல்டிக்ஸ் வீரர் பில் ரஸலுக்கோ அது 13 சீசனில் 11-ஆவது கோப்பை. அவற்றில் கடைசி இரண்டில் பயிற்சியாளரும் அவரே.

அப்புறம், 1948-இல் ஜெயித்த பால்டிமோர் புல்லெட்ஸ் 1954-இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. பிற்பாடு 1978-இல் ஜெயித்த வாஷிங்டன் புல்லெட்ஸ் வேறு அணி. இரண்டையும் சேர்த்து எண்ணிவிடாதீர்கள்.