மருந்து இறங்கிய பிறகு வரும் வாரங்கள்

புலனுணர்வையும் மனநிலையையும் சில மணி நேரம் மாற்றிவிடும் சைக்கடெலிக் மருந்துகளைப் பற்றிய பேச்சு எழுந்தாலே "மூளையையே மாற்றிவிடுமாம்" என்று யாராவது வியந்து சொல்கிறார்கள். எப்படி மாற்றும் என்று கேட்பவர்களைத்தான் காணோம்.

2021-இல் யேல் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் க்வான் குழுவினர் எலிகளுக்கு ஒரே ஒரு முறை சைலோசைபின் கொடுத்தார்கள். சிலவகைக் காளான்களில் இருக்கும் பொருள் அது. ஒரு நாளுக்குள், மூளையின் முன்பகுதி நரம்பணுக்களின் கிளைகளில் உள்ள நுண்முட்கள் எண்ணிக்கையிலும் பருமனிலும் சுமார் 10 சதவீதம் கூடியிருந்தன. ஒரு நரம்பணு மற்றொன்றின் செய்தியை வாங்குவது பெரும்பாலும் இந்த முட்களில்தான். புதிதாக முளைத்தவற்றில் ஒரு பங்கு ஒரு மாதம் கழித்தும் உதிரவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவை கூல் டோலென் என்ற நரம்பியல் ஆய்வாளர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வுகள். இளம் எலி, துணையோடு இருந்த இடத்தை விரும்பக் கற்றுக்கொள்ளும். வளர்ந்ததும் அந்தத் திறன் அடங்கிவிடும். இத்தகைய மருந்து கொடுத்தால் அது திரும்புகிறது. திரும்பிய திறன் எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதற்கு 2023-இல் வெளியான கணக்கு, மருந்துவாரியாக, இது: கெட்டமினுக்கு 48 மணி நேரம், சைலோசைபினுக்கு 2 வாரம், எல்எஸ்டிக்கு 3 வாரம், இபோகெய்னுக்கு 4 வாரம். மருந்தின் மயக்கம் தெளிந்து வெகுநாள் கழித்தும் மூளை, புதியதைப் பதித்துக்கொள்ளும்படி, இளகியே இருக்கிறது!

அதே குழு 2019-இல், எக்ஸ்டசி என்ற பெயரில் புழங்கும் எம்டிஎம்ஏவைச் சோதித்தபோது, மருந்து பெற்றுத் தனியாக அடைபட்ட எலிகளிடம் அந்தத் திறன் திரும்பவில்லை. கூட்டம் இருந்தால்தான் திரும்பியது. இந்த ஒரு முடிவை நான் பலமுறை திரும்பப் படித்தேன்.

எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது. ஆனாலும், இளகிய மூளை நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. குழந்தைப் பருவமும் இளகிய பருவம்தானே? அன்பு பதிவதுபோல் அடியும் அப்போது ஆழமாகப் பதிகிறது. நீண்ட மனச்சோர்வில் தவித்த ஒருவரின் அருகில் இருந்திருக்கிறேன். அவர் இப்படி ஒரு சிகிச்சை முடிந்து, அவரை நொறுக்கிய அதே வீட்டுக்கு மறுநாளே திரும்பினால் என்ன ஆகும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

2023 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் எம்டிஎம்ஏவையும் சைலோசைபினையும் குறிப்பிட்ட நோய்களுக்குக் கொடுக்கலாம். வரவேற்கிறேன். ஆனால் மருந்து எடுக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குக் காட்டும் அக்கறை, பின்வரும் வாரங்களுக்கும் வேண்டும். நோயாளி யாரோடு இருக்கிறார், எங்கே உறங்குகிறார், யார் அவரிடம் பேசுகிறார் என்பதையும் மருந்தின் அளவைப்போலவே ஆய்வுகள் பதிவு செய்ய வேண்டும்.