கொஞ்சம் எழுந்து நில்லுங்கள் தம்பி

பஜ்ஜியைப் பாதி கடித்திருந்தேன். எதிரே இருந்த பெண்ணின் பெரியப்பா, “தம்பி, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்” என்றார். மிச்ச பஜ்ஜியோடு எழுந்து நின்றேன். அவர்கள் வீட்டு அறைவாசல் நிலையில், பிள்ளைகள் வளர வளரப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அவர் பார்வை என் உச்சந்தலையிலிருந்து அந்த நிலைக்குப் போய்த் திரும்பி வந்தது. பெண்ணின் கடைசிக் கோடு 5 அடி 3 அங்குலமாம். நான் 5 அடி 2. “சரி, உட்காருங்கள்” என்றார். சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பவர்கூட ஒரு விலையைச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

இரண்டு நாள் கழித்துத் தரகரிடமிருந்து தகவல் வந்தது. ஜாதகம் ஒத்துவரவில்லையாம்! பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று ஜோசியர் சொன்ன பிறகுதானே எங்களை வரச் சொன்னீர்கள்? நடுவில் எந்தக் கிரகம் வீடு மாறியது? அந்தப் பெண்ணுக்கே என்னைப் பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் அவரை யாராவது கேட்டார்களா என்பதே சந்தேகம்.

போலீஸுக்கு ஆள் எடுப்பவர்கள் இதற்கு எவ்வளவோ மேல். தமிழ்நாட்டில் காவலர் தேர்வுக்கு ஆண்கள் 170 செ.மீ. இருக்க வேண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167 என்று அறிவிப்பிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிவிடுவேன், அந்த அளவுகோலைத்தான் தாண்ட முடியாது என்று வீட்டிலிருந்தபடியே தெரிந்துகொண்டேன். யாரும் சனி பகவான் மேல் பழி போடவில்லை.

வேண்டாம் என்று சொன்னதுகூடப் போகட்டும். கோபப்படவும் எனக்கு உரிமை இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். கல்யாணப் பந்தியில் நாற்பது பேர் நடுவே உறவுக்காரர் ஒருவர் “வாடா கட்டை” என்கிறார். “கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று சும்மாவா சொன்னார்கள்” என்று பக்கத்து இலையிலிருந்து ஒரு குரல். சிரித்துக்கொண்டால் நான் நல்ல பிள்ளை. முகம் சுளித்தால், “பார், குள்ளனுக்கு வருகிற கோபத்தை!” ஆறடி ஆள் மேசையைத் தட்டினால் கண்டிப்பானவர். நான் தட்டினால் நெப்போலியன். அலுவலகத்தில் எனக்கு அதுதான் பெயர்.

அந்த நெப்போலியனாவது குள்ளமா? பிரெஞ்சு அளவில் 5 அடி 2 அங்குலம் என்று எழுதியிருந்ததை ஆங்கிலேயர் தங்கள் அடிக்கணக்கில் படித்துக்கொண்டார்கள். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 168 செ.மீ. அன்றைய பிரெஞ்சுக்காரர்களில் அது சாதாரண உயரம்தான். (நம் போலீஸில் அவருக்கும் இடம் கிடைத்திருக்காது என்பது வேறு.) ஜேம்ஸ் கில்ரே என்ற லண்டன் கேலிச்சித்திரக்காரர் அவரைக் காலை உதைத்து அடம்பிடிக்கிற பொடியனாக வரைந்து தள்ளினார். எதிரி நாட்டுக்காரன் போட்ட கேலிப்படம் இருநூறு வருடம் கழித்து என் மேசை மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் இன்னொரு ரகம். “சச்சின் குள்ளம்தானே? லால் பகதூர் சாஸ்திரி? அறிஞர் அண்ணா?” ஆக, நான் சர்வதேச கிரிக்கெட்டில் 100 சதம் அடிக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்சியைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு என் உயரத்தை மன்னித்துவிடுவார்கள். பக்கத்து மேசையில் என்னைப் போலவே கணக்கு எழுதுகிற 5 அடி 10 அங்குல ஆளிடம் யாரும் சதம் கேட்கவில்லையே!

ரெடிமேட் பேன்ட் வாங்கினால் காலில் நான்கு அங்குலம் வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளையெல்லாம் அம்மா கரித்துணியாகத் தைத்து வைத்திருக்கிறார். எங்கள் அடுப்படியில் என் பேன்ட் இறக்காத குக்கர் இல்லை. அம்மா மட்டும் இதுவரை என் உயரத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வீடு. நேற்று ராத்திரி ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் கட்டில் மேல் வைத்தார். குதிகாலுக்குள் மெத்தை வைத்து இரண்டு அங்குலம் தூக்கிக் காட்டுகிற ஷூ. “போட்டுக்கொண்டு வா கண்ணா, யாருக்கும் தெரியாது” என்றார்.

வாசலில் கழற்றிவிட்டுத்தானே, அம்மா, உள்ளே போக வேண்டும்?