கடலோர பப்பும் மூடிய கிச்சனும்

விட்ஸ்டபிள் கடற்கரை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கிலாந்தின் கென்ட் வடகரையில், சிப்பிக்குப் பேர்போன ஊர். மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல். அதில் தடுமாறி நடந்து, நல்ல பசியோடு பப்புக்குள் நுழைந்தால் "கிச்சன் இரண்டரைக்கே மூடியாச்சு" என்கிறார்கள். கோடைக்காலச் சனிக்கிழமை, கரையெல்லாம் கூட்டம், மணி 2.40! இனி ஆறு மணிக்குத்தான் அடுப்பு எரியுமாம். அதுவரை பாக்கெட் கிரிஸ்ப்ஸை (நம்மூரில் சிப்ஸ் என்போமே, அது) கொறிக்க வேண்டியதுதான்.

சரி, பியராவது குடிக்கலாம் என்றால் வெளியே பிளாஸ்டிக் கப்பில்தான் தருவார்கள். காசு வாங்க மாட்டார்கள், கார்டு மட்டும். (விலையைக் கேட்காதீர்கள்.) முன்பெல்லாம் இதே பப்பில் ஈரக்காலோடு மரப்பெஞ்சில் உட்கார்ந்து, வினிகர் மணக்கும் சிப்ஸை (இங்கே அது நீளமாக வெட்டிச் சூடாகப் பொரித்த உருளைக்கிழங்கு) சாயங்காலம் வரை தின்றிருக்கிறோம். யாருடைய நாயாவது காலடியில் படுத்திருக்கும்.

அப்புறம், வெளியே மீனும் சிப்ஸும் வாங்கினால் கடற்காகம் தலைக்கு மேல் வட்டமிடுகிறது. 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு தருகிறது, கை ஓங்கக்கூட யோசனை. பாதி மீன் போயிற்று.

வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள், நம்புகிறேன். ஆனாலும் கோடையில் மட்டுமாவது நாலு மணி வரை சிப்ஸ் பொரித்தால் என்ன குறைந்துவிடும்?