மூன்று ஷிஃப்டுக்கு மூன்று பேர் போதாது

சிறையில் 24 மணி நேரமும் ஆள் நிற்க வேண்டிய ஒரு பாயிண்டுக்கு (காவல் இடத்துக்கு), எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு ஒருவர் என மூன்று பேர் போதும் என்று சிறைக் காவலர் எண்ணிக்கை பற்றிய ஒரு கட்டுரை சொல்வது காகிதத்தில்தான் சரி. அந்த ஒரு பாயிண்டுக்கு ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஆள் வேண்டும். வாரம் இரண்டு நாள் ஓய்வு என்றால் 104 நாள் போயிற்று; விடுப்பு 25, உடல்நலக் குறைவு 8, பயிற்சி 8 என்று வைத்துக் கழித்தால் ஒருவர் பணிக்கு வருவது 220 நாள், அதாவது 1,760 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய ஐந்து பேர். வார ஓய்வு ஒரே நாள் என்றாலும் நான்குக்குக் கீழே இறங்காது. ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. இதற்கு மேல், ஒரு கைதி மருத்துவமனையில் சேர்ந்தால் இரண்டு பேர் காவல், மூன்று ஷிஃப்ட். தினம் ஆறு பேர் உள்ளிருந்து உருவப்படுவார்கள். ஓவர்டைம் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று அந்தக் கட்டுரைக்கு ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். சில வாரம் ஓடும். பிறகு களைப்பில் மருத்துவ விடுப்பு ஏறும், அந்த இடத்தை நிரப்ப மறுபடி ஓவர்டைம். எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடும்போது, விடுப்புக் கணக்கை விதிப்புத்தகத்திலிருந்து எடுக்காமல் கடந்த ஆண்டு வருகைப் பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டும். இன்னும் பயிற்சிப் பள்ளியில் இருப்பவர்களின் பணியிடங்களை நிரம்பியவையாகக் காட்டுவதையும் நிறுத்த வேண்டும்.